இந்தியாவின் மூன்று கட்ட அணுமின் திட்டம்

இந்தியாவின் மூன்று கட்ட அணுமின் திட்டம் என்பது, நாட்டில் குறைவாகக் கிடைக்கும் யுரேனியத்தில் தொடங்கி, மிகுதியாகக் கிடைக்கும் தோரியத்தைக் கொண்டு நீண்ட காலத்துக்கு மின்சாரம் பெறுவதை நோக்கமாகக் கொண்ட திட்டமாகும். இந்திய அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரான ஓமி பாபா 1950களில் இதனை வகுத்தார். முதற் கட்டம் செயற்பாட்டுக்கு வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இரண்டாம் கட்டம் பல ஆண்டுகள் தாமதமாகியுள்ளது. மூன்றாம் கட்டம் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

பின்னணி

இந்தியாவில் யுரேனிய வளம் அளவானது. கிடைக்கும் தாதுவும் பெரும்பாலும் தரம் குறைந்தது. மாறாக, தோரியம் அடங்கிய மோனசைட்டுக் கனிமம் கடற்கரை மணலில் பெருமளவு காணப்படுகிறது. கேரளத்தின் சவறா, தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சி, ஒடிசாவின் சத்ரபூர் ஆகியவை இதற்கு அறியப்பட்ட இடங்கள். நிலக்கரி என்றேனும் தீர்ந்துவிடும் என்பதால், இத்தோரியத்தைப் பயன்படுத்துவதே எதிர்கால ஆற்றல் பற்றாக்குறைக்குத் தீர்வாகும் என்று கருதப்பட்டது.

எனினும் தோரியத்தை நேரடியாக எரிபொருளாகப் பயன்படுத்த இயலாது. இயற்கையில் கிடைக்கும் தோரியம்-232 தானாகத் தொடர்வினையை நிகழ்த்தாது. அது ஒரு நியூட்ரானை ஏற்று, புரோட்டாக்டினியம்-233 வழியாக யுரேனியம்-233 ஆக மாறிய பின்னரே அணுக்கருப் பிளவுக்கு ஏற்றதாகிறது. இந்த நியூட்ரான்களை வழங்க வேறொரு எரிபொருள் முதலில் தேவை. திட்டம் மூன்று கட்டங்களாக அமைந்ததன் காரணம் இதுவே.

மூன்று கட்டங்கள்

முதற் கட்டம்: இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 ஏறத்தாழ 0.7 விழுக்காடு மட்டுமே உள்ளது. செறிவூட்டப்படாத இந்த யுரேனியத்தை அழுத்த கனநீர் உலைகள் எரிபொருளாகக் கொள்கின்றன. கனநீர் இவற்றில் தணிப்பானாகவும் குளிர்விப்பானாகவும் செயல்படுகிறது. மின்சாரத்தோடு, யுரேனியம்-238இன் ஒரு பகுதி புளூட்டோனியம்-239 ஆகவும் மாறுகிறது.

இரண்டாம் கட்டம்: பயன்படுத்தப்பட்ட எரிபொருளிலிருந்து பிரித்தெடுக்கப்படும் புளூட்டோனியம் வேக ஈனுலைகளில் இடப்படுகிறது. இவற்றில் தணிப்பான் இல்லை. திரவ சோடியம் குளிர்விப்பானாகப் பயன்படுகிறது. எரிக்கும் எரிபொருளைவிட அதிகமான எரிபொருளை உருவாக்குவதால் இவை ஈனுலைகள் எனப்படுகின்றன. உலையின் உட்கருவைச் சுற்றித் தோரியத்தை அடுக்கினால் யுரேனியம்-233 கிடைக்கும்.

மூன்றாம் கட்டம்: யுரேனியம்-233, தோரியம் ஆகியவற்றால் இயங்கும் உலைகள். இவை தமக்கு வேண்டிய யுரேனியம்-233ஐத் தோரியத்திலிருந்து தாமே ஆக்கிக்கொள்ளும் என எதிர்பார்க்கப்படுகிறது.

செயற்பாடு

முதல் அழுத்த கனநீர் உலை கனடாவின் உதவியுடன் ராஜஸ்தானில் அமைக்கப்பட்டு 1973இல் இயங்கத் தொடங்கியது. 1974இல் பொக்ரானில் நடந்த அணுவெடிப்புச் சோதனைக்குப் பின் கனடா தன் ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது. அதன் பின்னர் இந்தியப் பொறியாளர்களே இவ்வகை உலைகளை வடிவமைத்துக் கட்டினர். சென்னைக்குத் தெற்கே உள்ள கல்பாக்கத்தில் அமைந்த இரு உலைகளும் 1980களில் செயற்பாட்டுக்கு வந்தன.

இரண்டாம் கட்டத்தின் மையமும் கல்பாக்கமே. இங்குள்ள சோதனை வேக ஈனுலை 1985இல் இயங்கத் தொடங்கியது. 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஏற்பட்ட ஆழிப்பேரலையில் அதன் அடித்தளக் குழி நீரில் மூழ்கியது. 2010இல் முடியவேண்டிய இவ்வுலையில் உட்கருவை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. யுரேனியம்-233இல் இயங்கும் காமினி என்னும் 30 கிலோவாட் ஆய்வு உலையும் 1996 முதல் கல்பாக்கத்தில் உள்ளது.

கூடங்குளத்தில் ரசியாவின் உதவியுடன் அமைக்கப்பட்ட 1000 மெகாவாட் உலைகள் இம்மூன்று கட்ட வரிசையைச் சேர்ந்தவை அல்ல. அவை இறக்குமதி செய்யப்படும் செறிவூட்டிய யுரேனியத்தில் இயங்குகின்றன.

சிக்கல்களும் விமர்சனங்களும்

திட்டத்தின் வேகத்தை இரண்டாம் கட்டமே தீர்மானிக்கிறது. ஓர் ஈனுலை தன்னைப் போன்ற இன்னொன்றுக்கு வேண்டிய எரிபொருளைச் சேர்த்துத் தர எடுக்கும் காலம் இரட்டிப்புக் காலம் எனப்படும். இது பல ஆண்டுகள் ஆகும் என்பதால், பணம் மிகுதியாக இருந்தாலும் உலைகளின் எண்ணிக்கையை விரைவில் பெருக்க இயலாது. போதிய ஈனுலைகள் இயங்குமுன் தோரியத்தைப் புகுத்தினால் புளூட்டோனியத்தின் பெருக்கமும் குறையும்.

சோடியம் காற்றிலும் நீரிலும் தீவிரமாக வினைபுரிவது மற்றொரு இடர். சப்பானின் மொஞ்சு ஈனுலை 1995இல் சோடியக் கசிவால் தீப்பற்றியது. 2016இல் அதனை மூட முடிவு செய்யப்பட்டது. பிரான்சின் சூப்பர்பீனிக்சும் 1990களின் இறுதியில் கைவிடப்பட்டது. ரசியாவில் மட்டும் பி.என்-600 உலை 1980 முதல் நீண்டகாலம் மின்சாரம் வழங்கி வந்துள்ளது. மேலும், யுரேனியம்-233உடன் சேர்ந்து உண்டாகும் யுரேனியம்-232இன் சிதைவு வழிப்பொருட்கள் வலிமையான காமாக் கதிர்களை வெளியிடுகின்றன. ஆதலால் எரிபொருளைத் தடித்த காப்புச் சுவர்களுக்குப் பின்னால் தொலைவிலிருந்து கையாளவேண்டியுள்ளது.

2020ஆம் ஆண்டுக்குள் 20,000 மெகாவாட் என்பது இந்தியாவின் இலக்காக இருந்தது. அவ்வாண்டில் இருந்த திறன் 6,780 மெகாவாட் மட்டுமே. இத்தாமதத்தையும், கழிவுகளை நெடுங்காலம் காக்கவேண்டிய பொறுப்பையும் விமர்சகர்கள் சுட்டுகின்றனர். 2011இல் சப்பானின் புக்குசிமா விபத்துக்குப் பின், கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் மீனவ மக்கள் நடத்திய போராட்டம் பாதுகாப்பு குறித்த கேள்விகளை நாடெங்கும் எழுப்பியது. காற்றாலை, சூரிய ஒளி ஆகியவற்றை விரைவாக நிறுவலாம் என்பது இவர்கள் வாதம். இரவிலும் காற்றில்லாப் பருவத்திலும் தடையின்றி மின்சாரம் தருவதும், இயங்கும்போது கரியமில வாயு வெளியிடாததும் அணுமின்னின் சிறப்புகள் என்று ஆதரவாளர்கள் கூறுகின்றனர்.

எதிர்காலம்

2008இல் அணுசக்தி வழங்குநர் குழு அளித்த விலக்கிற்குப் பின் இந்தியா வெளிநாட்டு யுரேனியத்தை வாங்க முடிந்தது. இதனால் முதற் கட்ட உலைகளின் எரிபொருள் நெருக்கடி தணிந்தது. 2047க்குள் 100 கிகாவாட் அணுமின் திறனை எட்டுவது என்னும் இலக்கை இந்திய அரசு 2025இல் அறிவித்தது. இறக்குமதி யுரேனியத்தாலும் திறனைக் கூட்டலாம். ஆனால் பாபா எண்ணிய தற்சார்பு, கடற்கரை மணலில் உள்ள தோரியம் மின்சாரமாகும்போதுதான் நிறைவேறும்; அதற்கு ஈனுலைகள் நம்பகமாகத் தொடர்ந்து இயங்குவது முதல் தேவையாகும்.

இவற்றையும் பார்க்க

அணுக்கருப் பிளவு
கல்பாக்கம்
கூடங்குளம் அணுமின் நிலையம்
தோரியம்
ஓமி பாபா