ஓலையும் எந்திரக் கையும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தை அடுத்த கோட்டைப் பகுதியில், கேரள ஆவணக் காப்பகத் துறையின் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்குள்ள பழைய ஓலைகள் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் முதலிய வரிவடிவங்களைக் காட்டுகின்றன. கையெழுத்தை எந்திரம் நிகழ்த்துகலையாக்கும் இக்காலத்தில், எழுதுதல் என்பது யாது என்ற வினாவுக்கு இவ்வோலைகளே சான்று.

2014இல் பெர்லின் யூத அருங்காட்சியகத்தில் 'ரோபோட்லேப்' குழுவின் எந்திரக் கை, 80 மீட்டர் நீளச் சுருளில் தோராவை எபிரேய எழுத்தில் எழுதியது. வடிவம் எவ்வளவு செம்மையாயினும் அச்சுருள் வழிபாட்டுக்கு உரியதன்று. புனித நோக்கோடு மனிதரே எழுதவேண்டும் என்பது யூத மரபு. அங்கே எல்லையைச் சமயவிதி வகுத்தது. ஓலையிலோ தொழில்முறையே வகுக்கிறது.

காகிதத்தில் எழுதும் கை நகர்கிறது. ஓலையில் இடக்கைக் கட்டைவிரல் எழுத்தாணியைத் தாங்க, எழுத எழுத ஓலையே இடப்புறம் நகர்த்தப்படுகிறது. தமிழ்ச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை; ஓலை துளைபடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் படிப்பவரே இடமறிந்து பிரித்துணர்ந்தார். எனவே இன்றைய அச்சு எழுத்துருவை மட்டும் பயின்ற எந்திரம் புள்ளியோடு ஓலையில் கீறினால், அது பார்வைக்குச் சுவடி, வரலாற்றுக்குப் போலி.

இரு கைகளின் ஒத்திசைவையும் ஓலையின் எதிர்விசையையும் அளந்து கற்பித்தால், அதே எந்திரம் ஏடெழுதுவோரின் கைமுறையை விளக்கும் ஆய்வுக்கருவி ஆகலாம். ஆனால் அளப்பதற்கு எழுதும் கை வேண்டும். எழுத்தாணி பிடிக்கத் தெரிந்தோர் அருகிவரும் நிலையில், ஏடுகளைப் படமெடுப்பதோடு எழுதும் முறையையும் பதிவுசெய்வதே உடனடித் தேவை.