கஜானாவுக்குள்ளே ஒரு கை

பொம்மையார்பாளையம் கடற்கரையிலிருந்து தெற்கே போனால் முதலில் புதுச்சேரி. அதையும் தாண்டினால் கடலூர் தேவனாம்பட்டினம். அங்கிருந்த கோட்டையை 1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம் ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னை கவர்னர், எலிஹு யேல்.

கம்பெனிக்கு அன்று என்னென்ன பயம்? புயல், கடற்கொள்ளை, பிரெஞ்சுக்காரர்கள். எல்லாமே வெளியிலிருந்து வரும் ஆபத்துகள். உள்ளே?

யேல் 1672-ல் சாதாரண குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்தவர். குமாஸ்தா சம்பளம் வருடத்துக்கே பத்து பவுண்டுதான். ‘சொந்த வியாபாரமும் பண்ணிக்கோ’ என்று கம்பெனியே விட்டுவிட்டது. கேள்வி கேட்க வேண்டிய முதலாளிகளோ லண்டனில். கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். கம்பெனிப் பணத்தில் சொந்த வியாபாரம் செய்தார் என்று புகார் கிளம்பி, 1692-ல் அவர் பதவி போனது. 1699-ல் பெரும் பணக்காரராக ஊர் திரும்பினார்! பிறகு அவர் அனுப்பிய சரக்குகளை விற்று 562 பவுண்டு சேர்த்த அமெரிக்கக் கல்லூரி, 1718-ல் அவர் பெயரையே வைத்துக்கொண்டது. அதுதான் யேல்.

பி.காம். படித்த நாங்கள் ரிஸ்க் என்றால் தீ, நஷ்டம், வாராக்கடன் என்றுதான் எழுதினோம். 2004-ல் வந்த வங்கிகளுக்கான பாசல் விதிகள், ஊழியர் மோசடியைத் தனியாகப் பிரித்து, ‘செயல்பாட்டு ரிஸ்க்’ பட்டியலில் முதலிடத்தில் வைத்தன. காரணம் எளிது. சந்தை ரிஸ்க்கில் துணிந்தால் லாபம் வரலாம். இதில் நஷ்டம் மட்டுமே.

1995-ல் பேரிங்ஸ் வங்கி திவாலானதும் இப்படித்தான். சிங்கப்பூரில் நிக் லீசன் என்ற ஊழியரே வியாபாரமும் செய்தார், கணக்கையும் கவனித்தார்.

உங்கள் கடையில் பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவர்தானா? இன்றே பிரித்துவிடுங்கள். சந்தேகத்தால் அல்ல, ஜாக்கிரதைக்காக.