ஒரு குரோஸில் ஒரு பங்கு

மேல்பெட்டிக்குள் அடிப்பெட்டி எப்படி இறங்க வேண்டும் என்பதற்கு எங்கள் அம்மா ஒரு கணக்கு வைத்திருந்தாள். "தட்டுனா இறங்கணும், கவுத்தா விழக் கூடாது." காரியாபட்டியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டினார்கள். மரச்சீவல் ஒரு கட்டு, நீலத்தாள் ஒரு கட்டு, மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை ஒரு சட்டி. மாலையில் எண்ணிக் கொடுப்பது குரோஸ் கணக்கில். குரோஸ் என்றால் 144. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லித் தருவதற்கு முன்பே பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நாலு என்பது எங்களுக்கு மனப்பாடம். அதில்தான் கூலி இருந்தது.

அந்த எண்ணை நான் அடுத்தபடியாகப் பார்த்தது 1983இல், சென்னை பர்மா பஜாரில். அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தேன். காலண்டர் புரூஃப் காட்ட முதலாளி என்னைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969இல் போட்டுக் கொடுத்த கடைகள் அவை. டேப்ரிக்கார்டருக்கும் செண்டு பாட்டிலுக்கும் நடுவே, மூலை நசுங்கிய ஒரு அட்டைப்பெட்டி. மேலே ஒரு காரவெல் விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஓரத்தில் 1/144. உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள், ஒட்டினால் விமானம். முப்பது ரூபாய் என்றான், இருபத்திரண்டுக்குக் கொடுத்தான். எந்தக் கம்பெனி, எந்த நாடு என்று பெட்டியில் ஓர் எழுத்து இல்லை. அச்சுக்காரனான எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், பூசணிக்கொடியில் பிஞ்சு தொங்குகிற மாதிரி பிளாஸ்டிக் சட்டத்தில் துண்டுகள் தொங்கின. உடல் இடப்பாதி, வலப்பாதி. சிறகு மேல், கீழ். பிளேடால் நறுக்கி எடுத்து இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தேன். மூக்கு சேர்ந்தால் வால் வாய் பிளந்தது. வாலைச் சேர்த்தால் நடுவில் வாழைப்பழம் மாதிரி வளைந்தது. சிறகு உடலில் செருகும் இடத்தில் ஐம்பது பைசா நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி. காரவெலுக்கு ஜன்னல்கள் முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கும், அதுதான் அதன் முகவெட்டு. என் பெட்டியில் ஜன்னல் ஓட்டைகளில் பாதி பிசிறு மூடிக் கிடந்தது. ஊசியைச் சுட வைத்துக் குத்தித் திறந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இத எந்த ஆபீசுல ஒட்டுனாங்க? அடிப்பெட்டி ஒரு ஊரு, மேல்பெட்டி ஒரு ஊரா?" என்றாள்.

கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் அது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இந்தப் பொம்மைகளின் வரலாறு எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. பிளாஸ்டிக்கில் இப்படி ஒட்டும் விமானத்தை முதலில் விற்றவர்கள் இங்கிலாந்தின் ஃப்ராக் கம்பெனிக்காரர்கள், 1936இல். அவர்களுடைய மற்றப் பொம்மை விமானங்கள் பறக்கும், இது பறக்காது. அதனால் இந்த வரிசைக்குப் 'பெங்குவின்' என்று பெயர் வைத்தார்கள். ஓர் அங்குலத்துக்கு ஆறடி என்ற கணக்கு, அதாவது 1/72. அடுத்து போர் வந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் செய்து கேட்டது. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று சிப்பாய் பார்த்துப் பழக வேண்டும் அல்லவா, அதற்கு. அதிலும் 1/72தான். போர் முடிந்து பெரிய பெரிய பயணிகள் விமானங்கள் வந்தபோது அந்த அளவில் செய்தால் மேசை கொள்ளவில்லை. அளவைப் பாதியாக்கினார்கள். ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு அடி, 1/144. என் அம்மாவின் குரோஸ். நிஜக் காரவெல் 32 மீட்டர் நீளம். குரோஸால் வகுத்தால் 22 சென்டிமீட்டர் சொச்சம், ஒரு ஸ்கேல் நீளம்கூட வராது.

இதைப் பெரும் தொழிலாக்கியவர் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர். 1939இல் லண்டனில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். போருக்குப் பின் அவர் பிளாஸ்டிக்கில் வார்த்தது சீப்பு. 1949இல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனி தன் விற்பனையாளர்களுக்குக் கொடுக்கக் குட்டி டிராக்டர் கேட்டது. செய்து கொடுத்தார். ஆனால் ஒவ்வொன்றையும் ஆள் வைத்து ஒட்டுவதில் கூலி தின்றது. ஒட்டாமல் துண்டாகவே விற்றால் என்ன? கிட் பிறந்தது. 1952இல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஒரு தாளை மடித்து அடித்து, இரண்டு ஷில்லிங்குக்கு வுல்வொர்த் கடைகளில் தொங்கவிட்டார்கள். நம் பெட்டிக்கடையில் ஊறுகாய் பாக்கெட் தொங்குகிறதே, அதே வித்தை.

எங்கள் பக்கத்தில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்து, 1923இல் சிவகாசியில் ஆரம்பித்தார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துப் பார்த்து, பிறகு கைவேலைக்கு மாறினார்கள். கைவேலை பெருகப் பெருக, ஒட்டுகிற வேலை வீடுகளுக்கு வந்தது. லண்டனில் கூலியை மிச்சம் பிடிக்க ஒட்டும் வேலையை வாங்குகிறவன் தலையில் கட்டினார்கள். அவன் அதற்குக் காசும் கொடுத்து, பொழுதுபோக்கு என்று பெயரும் வைத்துக்கொண்டான். இங்கே அதே வேலை என் அம்மா தலையில் விழுந்தது. அவளுக்குப் பொழுது போகவே இல்லை.

இப்போது பொருந்தாமைக்கு வருகிறேன். அச்சு என்றால் இரண்டு எஃகுப் பாளங்கள். நடுவில் குடைந்த பள்ளம். இருநூறு டிகிரிக்கு மேல் உருகிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தோடு உள்ளே தள்ளி, ஆறவிட்டு, பிளந்து எடுக்கிறார்கள். ஆறும்போது பிளாஸ்டிக் ஆயிரத்துக்கு நாலைந்து பங்கு சுருங்கும். 22 சென்டிமீட்டர் உடலில் அது ஒரு மில்லிமீட்டர். அச்சு வெட்டுகிறவன் அதைக் கணக்கில் சேர்த்துத்தான் வெட்டுவான். ஆனால் எண்ணிக்கையை ஏற்றும் அவசரத்தில் சூடு ஆறுமுன் பிதுக்கி எடுத்தால் துண்டு முறுக்கிக்கொள்ளும். கனமான இடம் உள்வாங்கிக் குழி விழும். வருஷக்கணக்கில் மூடித் திறந்து மூடித் திறந்து பாளங்களின் விளிம்பு தேயும். தேய்ந்த சந்தில் பிளாஸ்டிக் கசிந்து பிசிறாகும். லித்தோவில் நாங்கள் இதைத் தினமும் பார்த்தோம். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து நீளும். முதல் கலருக்கும் நாலாவது கலருக்கும் நடுவே ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினால் முருகனுக்கு இரண்டு உதடு வந்துவிடும். கோவில்பட்டியில் காலண்டர் ஓவியர் கொண்டைய ராஜு எவ்வளவு அழகாக வரைந்து கொடுத்திருந்தாலும் சரி, மெஷினில் கெட்டது கெட்டதுதான். கிட் பெட்டிகளிலும் அப்படி. ஏர்ஃபிக்ஸுக்கு ராய் கிராஸ் என்ற ஓவியர் வரைந்த மூடிகளைப் பார்த்தால் உள்ளே இருப்பதை மன்னித்துவிடலாம்.

பொம்மை அலுத்துப்போனாலும் அச்சை யாரும் எடைக்குப் போடுவதில்லை. எஃகு வெட்டியதில்தான் முதல் முழுவதும் முடங்கிக் கிடக்கிறது. அதனால் விற்பார்கள். 1971இல் ஃப்ராக்கின் தாய்க் கம்பெனி நொடித்தது. சில வருஷங்களில் அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய், 'நோவோ' என்ற பெயரில் மறுபடி பிளாஸ்டிக் கக்கின. இதில் ஒரு வேடிக்கை. ஜெர்மன், ஜப்பான், இத்தாலி விமானங்களின் அச்சுகளை சோவியத்காரர்கள் வாங்கவில்லை. போரில் எதிரியாக நின்றவனைப் பொம்மையாகக்கூட ஏற்க மனமில்லை. அவற்றை ரெவெல் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1981இல் ஏர்ஃபிக்ஸும் விழுந்தது. அதன் அச்சுகள் கடல் தாண்டி பிரான்சின் கலே துறைமுகத்து ஆலைக்குப் போயின. எந்த அச்சு எந்தக் கைக்கு எத்தனையாவது முறை போய், என் பெட்டிக்குள் இருந்ததைத் துப்பியதோ. பெயரில்லாத பெட்டியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஒட்டிய கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தச்சர் பசை பிளாஸ்டிக்கில் ஒட்டாது. பாலிஸ்டைரீனை ஒட்ட வைப்பது பசையல்ல, கரைப்பான். இரண்டு விளிம்பும் இளகி ஒன்றோடொன்று கலந்து இறுக வேண்டும். பிரஸ்ஸில் தின்னர் இருந்தது. மிஞ்சிய சட்டத்தைப் பொடியாக நறுக்கி ஓர் இங்க் டப்பாவில் தின்னர் ஊற்றி இரவு மூடி வைத்தேன். காலையில் கூழாகிவிட்டது. அந்தக் கூழ்தான் பட்டி. சிறகு இடுக்கில் அப்பி, இரண்டு நாள் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தின்னர் வாடையில் தலை சுற்றியது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

அடுத்த வம்பு, காரவெலுக்கு இரண்டு என்ஜினும் வாலருகே. 1955இல் முதலில் பறந்த இந்த பிரெஞ்சு விமானம்தான் அப்படி வைத்த முதல் ஜெட் பயணிகள் விமானம். பொம்மையை நிறுத்தினால் குத்தவைத்து உட்கார்ந்துகொள்ளும். மூக்குக்குள் கனம் வேண்டும். எங்கள் அச்சகத்தின் லெட்டர்பிரஸ் பகுதியில் ஒரு மூலையில் ஈய எழுத்துகள் குவிந்து கிடந்தன. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது வேலை போன எழுத்துகள் அவை: தும்பிக்கை போல முன்னால் சுருண்ட பழைய லை, ணை, அடியில் சுழித்த றா, னா. உருக்குவதற்கு ஒதுக்கியது. ஃபோர்மேனிடம் கேட்டு ஒரு பிடி அள்ளினேன். ஏழு 'லை' போட்டதும் மூக்கு கீழே இறங்கியது. ஒரு குரோஸில் ஒரு பங்கு காரவெல், பெரியார் எடுத்துப்போட்ட எழுத்தின் கனத்தில் மூன்று சக்கரத்திலும் நின்றது.

எத்தனையோ விமானம் இருக்கக் காரவெல் எதற்கு என்று பின்னால் கேட்டார்கள். இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 1964இல் வந்த முதல் ஜெட் அது. எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயரோடு வருவது நடிகை ராணி சந்திரா. 1976 அக்டோபர் 12, பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்ப வேண்டிய போயிங் பழுதாகி, பயணிகளைக் காரவெலில் ஏற்றினார்கள். ஏறியதுமே என்ஜின் உடைந்து தீப்பிடித்து ஓடுபாதை அருகே விழுந்தது. 95 பேர். தாயோடும் சகோதரிகளோடும் ராணி சந்திராவும் போனார். அவர் நடித்துக்கொண்டிருந்த 'பத்ரகாளி' படத்தின் மீதியை வேறொரு பெண்ணை வைத்து எடுத்து முடித்தார்கள். படம் பார்த்தபோது திரையில் எந்த இடத்தில் ஆள் மாறுகிறது என்று தேடிக்கொண்டே இருந்தோம். அதுவும் ஒரு ஒட்டுவேலை. தெரிந்தவர்களுக்குத் தையல் தெரியும்.

எங்கள் தலைக்கு மேல் மதுரைக்கு வந்து போனதோ ஜெட் அல்ல, ஆவ்ரோ. அது என் பெட்டிக்கு நெருங்கிய உறவு. இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்துக் கான்பூரில் பூட்டிய விமானம். முதலாவது 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. விமானப்படைத் தளபதியாக இருந்து மறைந்த சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்கு 'சுப்ரதோ' என்று பெயர். மெல்ல மெல்லப் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். மொத்தம் 89. ஒரு நாடே கிட் வாங்கி ஒட்டியதுதான் அது, என்ன, அங்கே இடுக்கில் பட்டி அப்ப முடியாது.

2012 வாக்கில் பேரனுக்கு ஒரு ஏர்ஃபிக்ஸ் பெட்டி வாங்கினேன். பழக்கதோஷம், படத்தைப் பார்ப்பதற்கு முன் பக்கவாட்டுப் பொடி எழுத்தைத்தான் படித்தேன். 'மேட் இன் இந்தியா' என்று இருந்தது. 2006இல் ஹார்ன்பி கம்பெனி ஏர்ஃபிக்ஸை வாங்கி, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வார்ப்பு வேலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்திருந்தது. பின்னால் ஒரு பகுதி இங்கிலாந்துக்கே திரும்பியது. கடையில் நின்றபடி அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. லண்டனில் வெட்டி, கலேயில் வார்த்து, இந்தியாவுக்கு வந்த அச்சுகள். அடிப்பெட்டி ஒரு ஊர், மேல்பெட்டி ஒரு ஊர்தான். அவள் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

என் காரவெல் இன்னும் அலமாரி மேல் இருக்கிறது. இடது சிறகு வலதை விட மூன்று மில்லிமீட்டர் உயரம். அதனுடைய பெட்டியைத்தான் 1990களில் வீடு மாறும்போது எடைக்குப் போட்டுவிட்டோம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிட் பெட்டி ஏதாவது கிடந்தால், உள்ளே துண்டு இல்லாவிட்டாலும் எறிந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் ஊர் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால், எந்த வருஷம் எந்தக் கடையில் வாங்கியது என்று பென்சிலால் மூடிக்குள் எழுதி வையுங்கள்.