உயில் (தமிழ்நாடு)

உயில் என்பது ஒருவர் தமது இறப்புக்குப் பின்னர் தமது சொத்து யாரைச் சேரவேண்டும் என்பதைத் தெரிவிக்கும் ஆவணம் ஆகும். இது மரண சாசனம் என்றும் அழைக்கப்படுகிறது. தான செட்டில்மெண்டு பத்திரத்தின் மூலம் சொத்து எழுதியவரின் வாழ்நாளிலேயே கைமாறுகிறது. உயிலோ எழுதியவர் இறந்த பின்னரே நடைமுறைக்கு வருகிறது. எனவே அவர் அதை எத்தனை முறையும் மாற்றலாம், நீக்கலாம். கடைசியாக முறைப்படி எழுதப்பட்டதே செல்லும்.

இந்தியாவில் உயில்கள் பெரும்பாலும் 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி அமைகின்றன. இசுலாமியர்களுக்கு அவர்களது தனிச்சட்டம் பொருந்தும். அதன்படி, வாரிசுகளின் ஒப்புதல் இல்லாமல் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க இயலாது.

செல்லத்தக்க உயில்

மனத்தெளிவுள்ள, உரிய வயதடைந்த எவரும் உயில் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். கையால் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். சட்டத்தின் 63 ஆம் பிரிவு கோருவன பின்வருமாறு:

1. எழுதுபவர் கையொப்பமிடவேண்டும் அல்லது கைரேகை வைக்கவேண்டும்.
2. குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பம் இடவேண்டும்.
3. ஒவ்வொரு சாட்சியும் எழுதுபவர் கையொப்பமிடுவதைக் கண்டிருக்கவேண்டும், அல்லது அது தம் கையொப்பமே என்று அவர் சொல்லக் கேட்டிருக்கவேண்டும்.
4. ஒவ்வொரு சாட்சியும் எழுதுபவரின் முன்னிலையில் கையொப்பமிடவேண்டும்.

இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்கவேண்டும் என்பதில்லை. உயிலில் உள்ளது என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதும் இல்லை.

பதிவு

1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் அன்று. பதிவு செய்யாத உயிலும் செல்லும். விரும்புவோர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம், அல்லது முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் வைப்பாக ஒப்படைக்கலாம்.

பதிவான உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இடம்பெறுகின்றன. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவரோ அவரது முகவரோ மட்டுமே நகல் பெறமுடியும். வில்லங்கச் சான்று முதலாம் புத்தகத்தைக் கொண்டு வழங்கப்படுவதால் உயில் பொதுவாக அதில் தெரியாது. ஆகவே இறந்தவர் ஒருவரின் வாரிசுகளிடமிருந்து மனை வாங்குவோர் வில்லங்கச் சான்றை மட்டும் நம்புவது போதாது.

மெய்ப்பித்தலும் சென்னை எல்லையும்

உயில் உண்மையானது என்று நீதிமன்றம் சான்றளிப்பது மெய்ப்பித்தல் அல்லது புரோபேட் எனப்படும். 1870 ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டும் பொருந்தியது. இந்தப் பழைய எல்லை 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57, 213 ஆகிய பிரிவுகளிலும் தொடர்ந்தது. இதனால், இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் ஆகியோரின் உயில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தொடக்கநிலை உரிமையியல் அதிகார எல்லைக்குள் எழுதப்பட்டிருந்தாலோ, அவ்வெல்லைக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பற்றியதாக இருந்தாலோ, புரோபேட் பெறாமல் நீதிமன்றத்தில் அதன் மூலம் உரிமை நிறுவ இயலாதிருந்தது.

சென்னைக்கு மேற்கிலுள்ள நூம்பல், பூந்தமல்லி, ஆவடி ஆகியவை அவ்வெல்லைக்கு வெளியே உள்ளவை. நூம்பலில் உள்ள வீட்டைப் பற்றி நூம்பலிலேயே எழுதிய உயிலுக்குப் புரோபேட் தேவைப்படவில்லை. அதே வீட்டைப் பற்றி மயிலாப்பூரில் வைத்து எழுதியிருந்தால் தேவைப்பட்டது. நூம்பலில் எழுதி, அதில் மயிலாப்பூர் வீட்டைச் சேர்த்திருந்தாலும் அந்த வீட்டைப் பொருத்தவரை தேவைப்பட்டது.

2025 திசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய நீக்கல் மற்றும் திருத்தல் சட்டம் 213 ஆம் பிரிவை அகற்றியது. இதன்மூலம் கட்டாயப் புரோபேட் முடிவுக்கு வந்தது. விரும்புவோர் இன்றும் புரோபேட் கோரலாம்.

நீதிமன்றத்தில் நிறுவுதல்

கட்டாயப் புரோபேட் நீங்கினாலும், உயில் மறுக்கப்படும்போது அதை நிறுவும் பொறுப்பு நீங்கவில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும், அதற்கு முன்பிருந்த 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தைப் போலவே, சான்றொப்பமிட்ட சாட்சிகளுள் ஒருவரையாவது விசாரிக்கவேண்டும் என்கிறது. பதிவு செய்த உயிலுக்கும் இது பொருந்தும். சாட்சிகள் எவரும் கிடைக்காத நிலையில், குறைந்தது ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் வேறு வகையில் நிறுவவேண்டும். எழுதியவரை விட வயதில் மூத்தவர்களையே சாட்சிகளாக வைத்த குடும்பங்கள் இங்குதான் இடர்ப்படுகின்றன.

எச். வெங்கடாச்சல ஐயங்கார் எதிர் பி. என். திம்மஜம்மா வழக்கில் (1958) உச்ச நீதிமன்றம், நடுங்கிய கையொப்பம், எழுதியவரின் மனநிலை பற்றிய ஐயம், பயன்பெறுபவரே உயில் தயாரிப்பில் முன்னின்றது போன்ற ஐயத்துக்குரிய சூழல்களை உயிலை முன்வைப்பவரே தெளிவுபடுத்தவேண்டும் என்று கூறியது.

உயிலால் கொடுக்கக்கூடியவை

ஒருவர் தமக்கு உரியதை மட்டுமே உயிலால் கொடுக்கமுடியும். தாமே ஈட்டிய சொத்தை விரும்பியவருக்கு எழுதலாம். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தம் பங்கை மட்டும் எழுதலாம். பிற பங்காளிகளின் பங்கை எழுத இயலாது. இத்தகைய சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமை உண்டு. தமிழ்நாடு இதனை 1989 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மணமாகாத மகள்களுக்கு வழங்கியது. 2005 ஆம் ஆண்டின் நடுவண் அரசுத் திருத்தம் மணமானவர்களுக்கும் அதை விரிவாக்கியது.

நியமனதாரரும் உயிலும்

வங்கி வைப்பு, நிறுவனப் பங்கு ஆகியவற்றில் நியமனதாரர் பெயர் கொடுப்பது உயில் எழுதுவதற்கு ஈடாகாது. நியமனதாரர் பொதுவாகப் பணத்தையோ பங்கையோ பெற்றுக்கொள்ளும் உரிமை மட்டும் உடையவர். வாரிசுகளின் உரிமை மறைவதில்லை. நிறுவனப் பங்குகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2023 திசம்பரில் சக்தி எசுதானி வழக்கில் இதனை உறுதிசெய்தது.

உயில் இல்லாதபோது

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவரது தாய், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோர் சம பங்கு பெறுவர். முன்னரே இறந்த பிள்ளையின் பங்கு அப்பிள்ளையின் குடும்பத்தைச் சேரும். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் யாவர் என்பதை மட்டுமே காட்டும். அது சொத்தைப் பங்கிடும் ஆவணம் அன்று.

இவற்றையும் பார்க்க

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956
பட்டா
வில்லங்கச் சான்று
சென்னை உயர் நீதிமன்றம்