கட்டடத்தைச் சோதிப்பவரைச் சோதிப்பது யார்?

ஒரு கட்டடம் எழும்ப முதலாளி, பொறியாளர், மேஸ்திரி, கொத்தனார், தச்சர் எனப் பலர் தேவை. இவர்கள் எல்லோரும் வேலையை முடிக்க நினைப்பவர்கள். "நிறுத்து, இந்தச் சுவர் போதாது" என்று சொல்வதற்கென்றே ஒருவர் வேண்டும். அவர்தான் கட்டட ஆய்வாளர். சரி, அவருக்குப் போதுமான அறிவு இருக்கிறது என்று யார் உறுதி சொல்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடி லண்டன் நகரம் 350 ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. அந்த வரலாறு சுவையானது, கூடவே வேதனையானதும் கூட.

தீயில் பிறந்த தொழில்

1666 செப்டம்பர் 2 அதிகாலையில் புட்டிங் லேன் என்ற சந்தில் இருந்த ஒரு ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. மர வீடுகள் நெருக்கமாக நின்ற நகரம் அது. தீ அடங்குவதற்குள் சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் சாம்பலாயின. அடுத்த ஆண்டே மறுகட்டுமானச் சட்டம் வந்தது. இனி வெளிச்சுவர் செங்கல்லாலோ கல்லாலோதான் இருக்க வேண்டும், எந்த வகை வீட்டுக்குச் சுவர் எவ்வளவு தடிமன் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டது.

எழுதினால் போதுமா? பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே! நகர நிர்வாகம் சர்வேயர்களை நியமித்தது. நம் ஊரில் சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர். இவர்கள் நிலத்தையும் அளந்தார்கள், அஸ்திவாரத்துக்கு முளை அடித்துக் கொடுத்தார்கள், சுவர் சட்டப்படி எழுகிறதா என்றும் பார்த்தார்கள். அவர்களில் ராபர்ட் ஹூக் வடிவக் கணிதப் பேராசிரியர். சுருள்வில்லின் விதியை நாம் பள்ளியில் படிப்பது இவர் பெயரால்தான். பீட்டர் மில்ஸ் செங்கல் வேலையில் பயின்று மேலே வந்தவர். ஜான் ஆலிவர் கண்ணாடி வேலைக்காரர். இந்த வேலைக்கென்று படிப்பு எதுவும் அப்போது கிடையாது. ஆளின் மேல் இருந்த நம்பிக்கைதான் தகுதி.

சத்தியப் பிரமாணம் முதல் தேர்வு வரை

1774இல் இன்னொரு பெரிய சட்டம் வந்தது. கட்டடங்கள் ஏழு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு வகுப்புக்கும் சுவர்த் தடிமன் குறிக்கப்பட்டது. தீ தாவாமல் இருக்க ஜன்னல் சட்டங்களைச் சுவருக்குள் தள்ளிப் பதிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சர்வேயர் என்ற ஏற்பாடு இந்தச் சட்டத்தில்தான் உறுதிப்பட்டது. அவர் பதவியேற்கும்போது சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். அவருடைய கட்டணத்தைக் கட்டுபவரே கொடுத்தார். ஆனால் தொகையைச் சட்டம் நிர்ணயித்தது. "இந்த சர்வேயர் கண்டிப்பானவர், வேறு ஆளைப் பார்ப்போம்" என்று கட்டுபவர் சொல்ல முடியாது. இந்த ஒரு வசதியின் அருமை பின்னால்தான் தெரிந்தது.

சத்தியம் நேர்மைக்கு உதவலாம். சுண்ணாம்புச் சாந்து கெட்டியா, உத்திரம் பாரம் தாங்குமா என்று சத்தியம் சொல்லித் தராது. 1855ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் புரிந்துகொண்டது. வட்டார சர்வேயர் ஆக விரும்புபவர்களைத் தேர்வு வைத்துச் சோதிக்கும் பொறுப்பு பிரிட்டன் கட்டடக் கலைஞர்களின் சங்கத்திடம் கொடுக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே சங்கம் கட்டடக் கலைஞர்களுக்கு விருப்பத் தேர்வு தொடங்கியது 1863இல்தான். அதைக் கட்டாயமாக்கியது 1882இல். ஆக, கட்டடத்தை வரைபவருக்கு முன்பே அதைச் சோதிப்பவர் தேர்வு எழுதத் தொடங்கிவிட்டார்!

தேர்வு வந்தால் படிப்பும் வர வேண்டும் அல்லவா? 1904இல் லண்டன் கவுண்டி கவுன்சில் பிரிக்ஸ்டன் பகுதியில் கட்டடத் தொழிலுக்கென்றே ஒரு பள்ளியைத் திறந்தது. பகலில் சாரத்தில் நின்றவர்கள் மாலையில் அங்கே வகுப்பில் உட்கார்ந்தார்கள். கைவேலையும் கணக்கும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. 1970இல் அந்தப் பள்ளி ஒரு பாலிடெக்னிக்கின் அங்கமாயிற்று. இன்று அது லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகம்.

படிப்பு மட்டும் போதுமா?

1968 மே 16 அன்று ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. வெடிப்பு சிறியது. ஆனால் ஒரு சுவர்ப் பலகை விலகியதும் அந்த மூலை முழுவதும் சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. 4 பேர் இறந்தனர். கொத்தனார் அறிவும் செங்கல் அளவும் மட்டும் தெரிந்தால் புதிய வகைக் கட்டடங்களைச் சோதிக்க முடியாது என்பதை அது காட்டியது. ஒரு பகுதி போனால் முழுக் கட்டடமும் போகக்கூடாது என்ற விதி 1970இல் சேர்க்கப்பட்டது.

பிறகு காற்று வேறு பக்கம் வீசியது. 1984ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் தனியார் ஆய்வாளர்களுக்கும் வழி திறந்தது. 1986இல் லண்டனின் வட்டார சர்வேயர் முறை முடிவுக்கு வந்தது. கட்டுபவர் தன் ஆய்வாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்றானது. உள்ளாட்சி ஆய்வாளர்களும் வாடிக்கையாளருக்காகப் போட்டி போட வேண்டிய நிலை. தேர்வுத் தாளைத் திருத்தும் ஆசிரியரை மாணவனே தேர்ந்தெடுப்பது போன்ற ஏற்பாடு இது!

2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் எரிந்தது. 24 மாடிகள். 72 உயிர்கள். சில ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் ஒட்டிய பலகைகளின் நடுவே எளிதில் தீப்பற்றும் பாலிஎத்திலீன் இருந்தது. அந்த வேலைக்கு முடிவுச் சான்றிதழும் கொடுக்கப்பட்டிருந்தது. 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை ஒரு தரப்பை மட்டும் குற்றம் சொல்லவில்லை. பலகை விற்றவர்கள் முதல் அரசு வரை பலரைச் சுட்டியது. ஆய்வாளரின் பணிச்சுமையும் போதாத பயிற்சியும் அதில் இடம்பெற்றன. ஆய்வுத் துறையே வியாபாரமான நிலையையும் அது கண்டித்தது.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இருந்தாலும் நமஸ்காரம் நடந்தது. 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2024 முதல் இங்கிலாந்தில் கட்டட ஆய்வாளர் ஒவ்வொருவரும் தகுதியை நிரூபித்துப் பதிவு செய்ய வேண்டும். பயிற்சி நிலை முதல் தொழில்நுட்ப மேலாளர் வரை நான்கு வகுப்புகள். பயிற்சி நிலையில் இருப்பவர் மேற்பார்வையில்தான் வேலை பார்க்கலாம். வேலை செய்துகொண்டே பட்டம் பெறும் படிப்புகளும் உள்ளன. 18 மீட்டர் அல்லது ஏழு மாடி உயரமுள்ள குடியிருப்புகளுக்கு ஆய்வாளரைக் கட்டுபவர் தேர்ந்தெடுக்க முடியாது. 1774இல் இருந்த அந்தப் பழைய விதி, 200க்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து உயர்ந்த கட்டடங்களுக்கு மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். கல்லூரிப் படிப்பு ஆய்வாளருக்குக் குறையைப் பார்க்கும் கண்ணைத் தரும். பார்த்ததைச் சொல்லும் வாயைத் தருவது, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடுதான். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அதன் விலையைக் கொடுப்பவர்கள் உள்ளே நம்பித் தூங்கும் மக்கள்.