ஏட்டில் பெயர், தொண்டையில் பண்



பிரதோஷத்தன்று எங்கள் வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தேன். வேதங்கள் வழிபட்ட ஊர், அதனால்தான் இந்தப் பெயர் என்று இங்கே சொல்வார்கள். ஓதுவார் ஒருவர் சம்பந்தரின் முதல் பதிகத்தைக் கம்பீர நாட்டையில் பாடினார். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர், "சார், இந்த ராகம் புத்தகத்தில் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

"தலைப்பில் 'பண்: நட்டபாடை' என்று மட்டும் இருக்கும் தம்பி. ஸ்வரம் எதுவும் இருக்காது" என்றேன்.

யூதர்கள் வேறு வழி கண்டார்கள். திபேரியா நகரத்து அறிஞர்கள் எபிரேய வேதத்தின் சொற்களுக்கு மேலும் கீழும் சிறு குறிகள் இட்டார்கள். எங்கே நிறுத்துவது, எங்கே சேர்ப்பது, எந்த இசையில் ஓதுவது என்று அவை காட்டும். அப்படிக் குறியிட்டு இன்று முழுமையாகக் கிடைக்கும் பிரதிகளில் மிகப் பழையது, 1008 வாக்கில் கெய்ரோவில் எழுதப்பட்டது.

ஏறக்குறைய அதே சமயத்தில், 1010இல், தஞ்சைப் பெரிய கோயில் எழுந்தது. அங்கே திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என இருவரையும் அமர்த்தினான். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் என்று கல்லிலும் வெட்டி வைத்தான். அவர்கள் குறியில் காத்ததை இவன் ஆளில் காத்தான்.

தில்லையில் ஏடுகள் கிடைத்த பிறகும் பண் தெரியவில்லையாம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில், எருக்கத்தம்புலியூரில் பிறந்த ஒரு பெண்தான் பண் வகுத்துக் கொடுத்தார் என்கிறது திருமுறைகண்ட புராணம். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அது சொல்லவில்லை.

குறி இருந்தால் மட்டும் போதுமா? யூதர்களின் தொழுகைக்கூடத்தில் வாசிக்கும் தோல் சுருளில் அந்தக் குறிகளே கிடையாது. வாசிப்பவர் முன்கூட்டியே கற்று மனத்தில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதே குறியை ஏமன் நாட்டு யூதர் ஒரு விதமாகவும் ஜெர்மானிய யூதர் வேறு விதமாகவும் ஓதுகிறார்கள். அங்கும் கடைசியில் வாத்தியார்தான் வேண்டியிருக்கிறது.

இதை எழுதும்போது மனம் உறுத்துகிறது. தேவாரத்தை மனப்பாடப் பகுதியாக எத்தனையோ ஆண்டுகள் நடத்தினேன். அடி பிறழாமல் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட்டேன். ஒருநாளும் பாடிக் காட்டியதில்லை. எனக்கே தெரியாது.

மறுநாள் ஓதுவாரிடம் போய், கற்றுத் தருவீர்களா என்று கேட்டேன். "காலையில வாங்க சார். ஒரு பதிகத்துக்கு ஒரு மாசமாவது ஆகும்" என்றார்.

போகிறேன். வேளச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள்.