எர்னஸ்ட் கோலும் நிறவெறி ஆட்சியின் அன்றாடமும்

தென்னாப்பிரிக்காவில் 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி 'அபார்தைட்' என்ற பெயரில் சட்டமாக்கிய இனஒதுக்கலை, உலகம் பெரும்பாலும் துப்பாக்கிச்சூட்டுப் படங்களின் வழியாகவே அறிந்தது. 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் இயன் பெர்ரியும், 1976 ஜூன் 16இல் சொவெட்டோவில் சாம் நிசிமாவும் எடுத்தவை அத்தகையவை. ஆயினும் அந்த ஆட்சி நாள்தோறும் துப்பாக்கியால் நடக்கவில்லை. வரிசையில் நிறுத்தியும், தாள்களைக் கேட்டும், தனி வாயில்களைக் காட்டியுமே அது மக்களை ஆண்டது. இந்த அன்றாடத்தை முழுமையாகப் பதிவுசெய்தவர், 1940இல் பிரிட்டோரியாவை அடுத்த ஈர்ஸ்டெரஸ்டில் பிறந்து, 'டிரம்' இதழில் பணியாற்றிய ஒளிப்படக் கலைஞர் எர்னஸ்ட் கோல்.

1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாக வகைப்படுத்தியது. தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது கீழே விழுகிறதா என்று பார்ப்பதுகூட ஒரு சோதனையாக இருந்தது. கறுப்பராகப் பிறந்த கோல், 'கோலே' என்ற குடும்பப் பெயரைத் திருத்திக்கொண்டு, 'கலர்டு' எனப்பட்ட கலப்பினத்தாராகத் தம்மைப் பதியச் செய்தார். இதனால், கறுப்பர்கள் எந்நேரமும் உடன்வைத்திருக்க வேண்டிய, இல்லையேல் கைதுக்குள்ளாக்கும் 'பாஸ்' புத்தகத்தின் பிடியிலிருந்து அவர் விடுபட்டார். அநீதியின் பதிவேடே அதன் சாட்சிக்கு வழிவிட்டது ஒரு விந்தைதான்.

தொழிலாளரைப் படம்பிடிக்க, கோல் சுரங்கத்துக்குள் உணவுப் பையில் கேமராவை மறைத்துக் கொண்டுசென்றார் என்பர். ஆட்சேர்ப்பு மருத்துவச் சோதனைக்காக ஆடையின்றி, கைகளை உயர்த்திச் சுவரை நோக்கி நிற்கும் தொழிலாளர் வரிசை அவர் படங்களுள் மிகுதியும் அறியப்பட்டது. மேசையற்ற வகுப்பறையில் தரையில் குனிந்து எழுதும் பிள்ளைகள், நெரிசலில் தொங்கும் ரயில் பயணிகள், வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண்கள் ஆகியோரின் படங்களையும் அவர் ஒரு நூலின் தனித்தனி இயல்களாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் விளக்கவுரை எழுதினார். தனித்துப் பார்த்தால் இரக்கத்தோடு நின்றுவிடக்கூடிய படங்கள், அந்த உரைகளோடு சேரும்போது ஓர் அமைப்பின் மீதான குற்றச்சாட்டாகின்றன. நூலின் வலிமை இதில்தான் இருக்கிறது.

1966இல் நாட்டைவிட்டு வெளியேறிய கோலின் அந்த நூல், 'ஹவுஸ் ஆஃப் பாண்டேஜ்' என்ற பெயரில், 1967இல் நியூயார்க்கில் வெளியானது. தென்னாப்பிரிக்க அரசு அதைத் தடைசெய்தது. தாயகம் திரும்ப இயலாமல், வறுமையில் உழன்ற அவர், நிறவெறி எதிர்ப்புத் தலைவர் மண்டேலா சிறையிலிருந்து விடுதலையான எட்டாம் நாளான 1990 பிப்ரவரி 19 அன்று நியூயார்க்கில் இறந்தார். தொலைந்ததாகக் கருதப்பட்ட அவருடைய படச்சுருள்களில் ஏறத்தாழ 60,000 நெகட்டிவ்கள் 2017இல் ஸ்டாக்ஹோம் வங்கிப் பெட்டகம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்டன.